இருபத்தைந்து டாலர் மரியாதை

வங்கிக்குப் போவதற்காக டெல்மர் ஹாஸ்கின்ஸ் ஜூனியர் தன்னிடமிருந்த ஒரே நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். போன வருஷம் அப்பாவை அடக்கம் செய்த அன்று போட்டது. கழுத்துப் பொத்தான் சேர மறுத்தது.

"விடு, லோன் குடுக்கறவ உன் கழுத்தப் பாத்தா குடுக்கப் போறா?" என்றாள் ட்ரீனா. ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு டிரக்கில் ஏறுவது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. அவன் கை கொடுத்தான். கை ஈரமாக இருந்ததைக் கண்டு அவள் சிரித்தாள்.

அப்பாவின் பெயரும் டெல்மர் ஹாஸ்கின்ஸ்தான். கிழக்கு டென்னசியின் அந்த மலைப்பக்கத்தில் மூத்த மகனுக்குத் தகப்பன் பெயரையே வைத்து, பின்னால் ஜூனியர் என்று ஒரு வாலை ஒட்டிவிடுவார்கள். தேவாலயத்திலும் சரி, பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் கொட்டகையிலும் சரி, முப்பத்தாறு வயதிலும் அவன் வெறும் ஜூனியர்தான். ஆனால் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது மட்டும் வாலை விட்டுவிடுவான். அங்கே எல்லா ஜூனியர்களும் அப்படித்தான். எழுதக் கை வலிக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

போனது வீட்டு விஷயமாக. ஐந்து வருஷமாக அவர்கள் இருந்த வீடு க்ளைட் டாக்கெட் என்பவனுடையது. வாடகைக்கு இருந்துகொண்டே வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம். வாடகைக்கு மேல் மாதம் இருநூறு டாலர் கட்டி வந்தால் அது வீட்டு விலையில் கழியும். ஐந்தாம் வருஷம் நவம்பர் முப்பதுக்குள் மீதி நாற்பத்தோராயிரத்தையும் மொத்தமாகக் கொண்டுவந்து வைக்க வேண்டும். வைத்தால் வீடு அவர்களுக்கு. ஒரு நாள் பிந்தினாலும் கட்டியதெல்லாம் வெறும் வாடகை. ஜூனியர் தன் கையால் போட்ட தகரக் கூரை, கிணற்றுக்கு வாங்கிய புது மோட்டார், குழந்தைக்கென்று மஞ்சள் அடித்து வைத்த பின்னறை, எல்லாம் க்ளைடுக்கு. இப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட எவனுக்காவது மனம் வருமா என்று கேட்கலாம். கையில் காசில்லாதவனுக்கு வரும்.

வங்கியில் கடன் பார்க்கும் லோரெட்டா பிக்கெட், ட்ரீனாவின் அக்காவோடு படித்தவள். வயிற்றைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். பையனா பெண்ணா, எப்போது நாள் என்றெல்லாம் கேட்டாள். பிறகு கணினித் திரையைப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"கண்ணு, இது என்ன?"

திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"ஆஸ்பத்திரி பாக்கி, பதினேழாயிரத்து எண்ணூத்து அறுபது. வசூல் கம்பெனிக்குப் போயிருக்கு. உன் கடன் ஸ்கோர் ஐநூத்து நாப்பத்தெட்டுல கெடக்கு ஜூனியர். எங்களுக்கு அறுநூத்து நாப்பதாவது இருந்தாத்தான் ஃபைலையே மேல அனுப்ப முடியும்."

ஜூனியர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "நான் ஆஸ்பத்திரிக்கே போனதில்ல. இது எங்க அப்பாவோடது."

"பேரு உன் பேராத்தானே இருக்கு."

"என் பேருதான் அவர் பேரு!"

லோரெட்டா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அப்பா கடைசி நாலு மாதம் அவர்களோடுதான் இருந்தார், இப்போது மஞ்சள் அடித்திருக்கும் அதே பின்னறையில். ஆஸ்பத்திரியில் அந்த விலாசத்தைத்தான் கொடுத்திருந்தார்கள். பெயர் ஒன்று, விலாசமும் ஒன்று. செத்தது எந்த டெல்மர், உயிரோடு இருப்பது எந்த டெல்மர் என்று கணினிக்கு யார் சொல்வது?

"பயப்படாதீங்க ரெண்டு பேரும்," என்றாள் லோரெட்டா. "இந்த ஊர்ல இது மூணாவது கேசு எனக்கு. கடன் அறிக்கை போடறவங்களுக்கு ஒரு கடுதாசி எழுதணும், கூட இறப்புச் சான்றிதழ் வைக்கணும். முப்பது நாள்ல தூக்கிடுவாங்க. இன்னைக்கு அக்டோபர் பதினஞ்சுதானே? நேரம் இருக்கு." சொல்லிவிட்டு பேனாவை எடுத்தவள் நிமிர்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இந்தக் கணக்குல நீ காசு ஏதும் கட்டலியே? கட்டியிருந்தா வேற மாதிரி எழுதணும்."

ட்ரீனா பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் சட்டை பிரிந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வாங்கும் சம்பளத்தில் ஒவ்வொரு டாலராகப் பிடித்து வைக்கிறவள் அவள்.

"இல்ல," என்றான் ஜூனியர்.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல அரை விநாடிகூட ஆகியிருக்காது.

நடந்தது இதுதான். ஏப்ரல் மாதம், பேருந்துக் கொட்டகையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் போன் அடித்தது. தெரியாத எண்ணை அங்கே யாரும் எடுப்பதில்லை. அன்றைக்கு ஏனோ எடுத்துத் தொலைத்தான்.

"டெல்மர் ஹாஸ்கின்ஸ்தானே பேசறது?"

"ஆமா."

விலாசத்தைச் சொல்லிக் கேட்டான் அந்த ஆள். அதற்கும் ஆமா. பேச்சு பதிவாகிறது என்றான். அதற்கும் ஆமா. கீத் என்று பெயர் சொல்லிக்கொண்டான். நல்ல பதமான குரல், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் செய்கிறவர் மாதிரி.

"ஆஸ்பத்திரி பாக்கி விஷயமாக் கூப்பிட்டேன் சார்."

"அது எங்க அப்பாவோடது. அவர் போயிட்டார்."

"அடடா. ரொம்ப வருத்தமா இருக்கு சார். நல்ல மனுஷனா இருந்திருப்பார்."

"யாருக்கும் பத்துக் காசு பாக்கி வச்சதில்ல."

இதை ஜூனியர் பெருமையாகத்தான் சொன்னான். அடக்கம் முடிந்து தேவாலயத்தில் சாப்பாடு போட்ட அன்று, தட்டை ஏந்தியபடி வந்தவர்கள் எல்லோரும் அவனிடம் சொன்ன வாசகம் அது.

"அதான் சார் நானும் சொல்றேன். அப்படிப்பட்டவர் பேரு இந்த மாதிரி லிஸ்ட்டுல கெடக்கலாமா? முழுசும் கேக்கல. ஒரு இருபத்தஞ்சு டாலர். அவர் மரியாதைக்கு."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். ஜூனியர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, வங்கி அட்டையை எடுத்து எண்களைப் படித்தான். ஏப்ரலில் ஒன்று, மே மாதம் ஒன்று, ஜூனில் ஒன்று. பிறகு ட்ரீனாவின் வைத்தியச் செலவு வந்ததும் கீத்தின் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். ட்ரீனாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வாள் என்று தெரியும். அதைக் கேட்க அவனுக்குத் தைரியமில்லை.

லோரெட்டா சொன்னபடி கடிதம் போனது. காத்திருப்பு தொடங்கியது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஜூனியருக்குத் தபால் பெட்டியே பேயாகிவிட்டது. வேலையிலிருந்து வரும்போது சாலையோரப் பெட்டியைத் திறக்குமுன் டிரக்குக்குள் இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருப்பான். உள்ளே மளிகைக்கடை விளம்பரம் மட்டும் இருந்தால் மூச்சு வரும். உடனே, ஏன் இன்னும் வரவில்லை என்று வேறு பயம். போன் அதிர்ந்தால் கையிலிருக்கும் சாமான் நழுவும். ஒருநாள் பேருந்துக்கு அடியில் படுத்திருந்தபோது போன் அடித்து, பதறி எழுந்து நெற்றியை இடித்துக்கொண்டான். கூப்பிட்டது ட்ரீனா; பால் வாங்கி வரச் சொல்ல.

க்ளைட் டாக்கெட் வேறு. வாரம் ஒருமுறை அவன் வண்டி வீட்டுக்கு எதிரே மெதுவாகப் போகும். நிறுத்தமாட்டான். கண்ணாடியை இறக்கிக் கூரையை ஒரு பார்வை பார்ப்பான். ஃபுளோரிடாவிலிருந்து வந்த யாரோ மலையோரம் வீடு தேடுவதாக ஊரில் பேச்சு.

"என்ன ஜூனியர், கூரை நல்லாப் போட்டுருக்கியே! எவ்வளவு ஆச்சு?" என்று ஒருநாள் கேட்டான்.

"ஆச்சு," என்றான் ஜூனியர்.

"நல்லா வேல தெரிஞ்சவன்யா நீ." சிரித்துக்கொண்டே கண்ணாடியை ஏற்றிக்கொண்டான் படுபாவி.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ட்ரீனா வயிற்றைப் பார்த்துப் பேசுவாள். "டேய் மூணாவது, உதைக்காதடா." டெல்மர் ஹாஸ்கின்ஸ் மூன்றாமவன். பையன் என்று தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டாள். அப்பா சாகும்போது ஜூனியரின் மணிக்கட்டைப் பிடித்துக் கேட்டது அது ஒன்றுதான்: பையன் பிறந்தால் என் பெயர் வை. ஜூனியர் வாக்குக் கொடுத்திருந்தான். இப்போது அந்தப் பெயரை அவள் சொல்லும்போதெல்லாம் அவன் பாதித் தட்டோடு எழுந்துவிடுவான். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தான். கடிதம் நல்லபடியாக வந்துவிட்டால் சொல்லவே தேவையில்லையே என்று தினமும் தள்ளிப்போட்டான்.

மான் வேட்டை தொடங்கும் சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு ஊரில் ஆண்பிள்ளை எவனையும் பார்க்க முடியாது, எல்லோரும் காட்டில். அப்பாவின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஜூனியர் போகாத முதல் வருஷம் இது. முழங்கால் வலி என்று சொன்னான். மலைக்குப் பின்னாலிருந்து வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் தோள் குலுங்கியது. பதினொரு மணிக்குத் தபால் வண்டி வந்தது.

வந்த கடிதம் வசூல் கம்பெனியிடமிருந்து. விசாரித்துப் பார்த்ததில் கணக்கு உங்களுடையதுதான் என்று உறுதியாகிறது. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் உங்கள் வங்கி அட்டையிலிருந்து பணம் பெறப்பட்டிருக்கிறது. கணக்கு உங்களுடையதென்று தொலைபேசியில் நீங்கள் ஒப்புக்கொண்ட குரல் பதிவும் எங்களிடம் இருக்கிறது.

அவன் அதைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு உள்ளே போனான். ட்ரீனா அடுப்பில் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள். சோளரொட்டி வாசனை வீடு முழுக்க. அவன் முகத்தைப் பார்த்தாள், கரண்டியைக் கீழே வைத்தாள், கையை நீட்டினாள். ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் சட்டைக்குள் ஒளித்து என்ன பிரயோஜனம்?

இரண்டு தரம் படித்தாள்.

"ஏப்ரல், மே, ஜூன்," என்றாள். "லோரெட்டா கேட்டா. நீ இல்லேன்னே. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

"நீ பக்கத்துல இருந்ததாலதான்."

"எழுபத்தஞ்சு டாலர்! எழுபத்தஞ்சு டாலருக்கு உன்னை நான் என்ன கொன்னா போட்டிருப்பேன்?"

"பயமா இருந்துச்சு ட்ரீனா."

"யாரப் பாத்து? என்னப் பாத்தா?"

"உன்னப் பாத்து. ஊரப் பாத்து. செத்துப்போன அப்பாவப் பாத்துக்கூட." அவன் அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்தான். "கடன்காரன்னு அவர் பேரு போயிடும்னு நெனச்சேன்."

"செத்தவர் பேரக் காப்பாத்தறேன்னு பொறக்கப் போறவன் வீட்டக் குடுத்துட்டு வந்திருக்க. பெரிய மனுஷன்!" என்றாள். அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மஞ்சள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜூனியர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தான். மலையில் வெடித்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை ட்ரீனாதான் இலவச வக்கீல் அலுவலகத்தைப் போனில் பிடித்தாள். ஸ்பீக்கரில் போட்டு இருவரும் அரை மணி நேரம் இசை கேட்ட பிறகு ஒரு வக்கீலம்மா வந்தாள். முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"தகப்பன் கடன் மகன் தலையில ஏறாதும்மா. ஒரு மரியாதைக்குன்னு காசு கட்டினதால அது உங்க வீட்டுக்காரர் கடனும் ஆயிடாது. அந்த ஆளு சும்மா வலைவிரிச்சுப் பாத்திருக்கான், இவரும் விழுந்துட்டார். நான் எழுதற விதத்துல எழுதினா எடுத்துருவாங்க."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"மூணு வாரம், நாலு வாரம். உங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சது?"

"அக்டோபர் பதினஞ்சு."

வக்கீலம்மா தேதியைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். அவள் சொல்லாமல் விட்டதை ஜூனியர் தெளிவாகக் கேட்டான். அன்றைக்கே, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே, ஆமா கட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் போனை அன்றைக்கே பண்ணியிருப்பார்கள். இதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அன்று சாயங்காலம் க்ளைட் வீட்டுக்குப் போனான். ஒரு மாதம் தவணை கேட்டான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். க்ளைட் வாசற்கதவை முழுசாகத் திறக்கவில்லை.

"நானா வேண்டாங்கறேன்? ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கோ அதான். கீழ டெல்மர் ஹாஸ்கின்ஸ்னு கையெழுத்து யாருது? உன்னுதுதானே?"

"என்னுதுதான்."

"ஒங்கப்பன் இருந்தா இப்படி வந்து நிப்பானா?"

நவம்பர் முப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமையாக வந்து, மற்ற ஞாயிற்றுக்கிழமைகள் போலவே போயிற்று. அடுத்த வாரம் சாமான்களை ஏற்றிக்கொண்டு, ட்ரீனாவின் அக்கா வீட்டுக்குப் பின்னால் நின்ற பழைய டிரெய்லருக்கு, சக்கரத்தின் மேல் நிற்கும் தகர வீட்டுக்கு, குடிபோனார்கள். கட்டிலைக் கழற்றலாம், திரைச்சீலையைக் கழற்றலாம், கூரையைக் கழற்ற முடியுமா? ட்ரீனா மஞ்சள் அறையைக் கடைசியாக ஒருமுறை பெருக்கினாள். எதற்கு என்று ஜூனியர் கேட்கவில்லை.

டிசம்பர் பதினொன்றில் பையன் பிறந்தான். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே பதிவு செய்யும் பெண் ஜூனியரின் பெயரைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக் கேட்டாள்: "நாப்பத்தாறுல பொறந்தவரா நீங்க?" "அது எங்க அப்பா. நான் ஜூனியர். ஜூனியர்னு போடுங்கம்மா, பெரிய எழுத்துல போடுங்க," என்று கெஞ்சினான். வலியில் நின்றிருந்த ட்ரீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் பிறப்புப் படிவம் வந்தது. குழந்தையின் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. மணிக்கட்டில் அப்பாவின் விரல்கள் இன்னும் இருப்பது போலிருந்தது. அவன் வெஸ்லி என்று எழுதினான். அவர்கள் குடும்பத்தில் எவனுக்கும் இல்லாத பெயர், ஊரிலும் வேறு ஹாஸ்கின்ஸுக்கு இல்லாத பெயர்.

"வாக்குக் குடுத்தியே," என்றாள் ட்ரீனா.

"குடுத்தேன்." அவன் அழுதான். அவள் அவன் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். கடிதம் வந்த சனிக்கிழமைக்குப் பிறகு அவள் அவனைத் தொட்டது அப்போதுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இரண்டு உறைகள் வந்தன. ஒன்றில் பழைய விலாசத்தின் மேல் புது விலாசம் அச்சிட்ட மஞ்சள் சீட்டு ஒட்டித் தபாலாபீஸில் இங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். அதை ட்ரீனா பிரித்தாள். மறு ஆய்வில் மேற்படி கணக்கு உங்களுடையது அல்லவென்று தெரிந்து நீக்கப்பட்டது. தங்கள் புதிய ஸ்கோர் எழுநூற்று இரண்டு.

"எழுநூத்து ரெண்டு," என்றாள் ட்ரீனா. அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். வேறு எங்கே வைப்பது?

இரண்டாவது உறையில் மஞ்சள் சீட்டு இல்லை. நேராக டிரெய்லர் விலாசத்துக்கே வந்திருந்தது. மேலே அச்சிட்டிருந்த பெயர்: வெஸ்லி ஹாஸ்கின்ஸ். குழந்தை அறை வாடகை, காது கேட்கிறதா என்று பார்த்த சோதனை, ரத்தப் பரிசோதனை. காப்பீடு போக மீதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது டாலர். முப்பது நாளுக்குள். பதின்மூன்று நாள் வயதுள்ளவன் பெயரில், தப்பே இல்லாமல், எழுத்துக்கு எழுத்து சரியாக.

இந்த முறை ஜூனியர் ஒளிக்கவில்லை. அதை ட்ரீனாவுக்குப் படித்துக் காட்டினான். "பில்ல என் பேருக்கு மாத்திப் போடச் சொல்றேன்," என்றான். தூங்கிக்கொண்டிருந்த பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, உறையிலிருந்த எண்ணைக் கூப்பிட்டான். இசை ஓடியது. பிறகு ஒரு பெண் வந்து கணக்கு எண் கேட்டாள். நிதானமாகப் படித்தான்.

"நன்றி சார். இந்தப் பேச்சு பதிவாகுது," என்றாள் அவள். நல்ல பதமான குரல். "வெஸ்லி ஹாஸ்கின்ஸ்தானே பேசறது?"

பையன் தூக்கத்தில் அவன் கழுத்தில் மூச்சு விட்டான்.

"ஹலோ? வெஸ்லி ஹாஸ்கின்ஸ்தானே?"

ஆமா என்றும் சொல்லப் பயந்து, இல்லை என்றும் சொல்லப் பயந்து, ஜூனியர் போனைக் காதில் வைத்தபடி அப்படியே நின்றான்.